வீடு தூரத்தில், வேலை நகரத்தில்

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அணியின் துணைத் தலைவியாக ஆடியவர் சென்னைப் பெண் கார்த்திகா. ஊர் திரும்பியபோது மாலையும் மேளமுமாக வரவேற்பு. முதலமைச்சரிடமிருந்து 25 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை. அந்த நாட்களில் அவர் பெயர் தனியாக வந்ததே இல்லை. 'கண்ணகி நகர் கார்த்திகா' என்றுதான் தொலைக்காட்சிகள் சொல்லின. கண்ணகி நகர்க்காரர்களுக்கு இது சாதாரண விஷயமல்ல. அதுவரை அந்தப் பெயர் பெரும்பாலும் குற்றச் செய்திப் பக்கத்தில்தான் அடிபட்டுக்கொண்டிருந்தது. வேலைக்கு மனுப் போடும்போது முகவரியில் 'ஒக்கியம் துரைப்பாக்கம்' என்று மட்டும் எழுதி நிறுத்திக்கொண்ட இளைஞர்கள் அங்கே உண்டு.

கண்ணகி நகர் தானாக முளைத்த ஊர் அல்ல. அரசே நிலம் ஒதுக்கி, வரைபடம் போட்டு, டெண்டர் விட்டுக் கட்டிய ஊர். 2000ஆம் ஆண்டு தொடங்கி, சென்னையின் பல மூலைகளிலிருந்த குடிசைவாசிகளை லாரிகளில் ஏற்றிவந்து இங்கே குடிவைத்தார்கள். ஓலைக்கும் தார்ப்பாய்க்கும் பதிலாகக் கான்கிரீட் கூரை கிடைத்தது. பதிவேட்டில் அது வெற்றிக் கணக்கு. ஆனால் வீடு கிடைத்த பிறகு அங்கே பல குடும்பங்களின் பிழைப்பு முன்பைவிட மோசமாகிவிட்டது. ஏன் அப்படி ஆனது என்று பார்த்தால், வேகமாக வளரும் நகரம் ஒன்று வீட்டு வசதிக் கொள்கையில் எங்கே சறுக்குகிறது என்பது புரியும்.

அதே இடத்தில் வீடு

சென்னைக்குக் குடிசைப் பிரச்சினை புதிதல்ல. அதற்கான தீர்வும் புதிதல்ல. 1970இல் மு. கருணாநிதி முதல்வராக இருந்தபோது தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் அமைந்தது. அடுத்த ஆண்டே அதற்கென ஒரு சட்டமும் வந்தது. வாரியம் தொடக்கத்தில் கையாண்ட முறை எளிமையானது. குடிசை எங்கே இருந்ததோ அங்கேயே மூன்று, நான்கு மாடிக் கட்டடம். கட்டி முடிகிறவரை பக்கத்தில் எங்காவது ஒண்டிக்கொள்ள வேண்டும். முடிந்ததும் அதே குடும்பம் அதே தெருவுக்குத் திரும்பும். மயிலாப்பூர், புளியந்தோப்பு, பட்டினப்பாக்கம் பக்கம் போனால் இப்படிப்பட்ட குடியிருப்புகளையும், பழையவற்றை இடித்துவிட்டு எழுப்பிய புதியவற்றையும் பார்க்கலாம். கட்டியது எந்த வாரியமாக இருந்தாலும் சென்னைவாசிகளின் வாயில் அவை எல்லாமே 'ஹவுசிங் போர்டு'தான்.

1971 சட்டம் இன்னொரு பாதுகாப்பையும் தந்தது. ஒரு இடத்தைக் குடிசைப் பகுதி என்று அரசு அறிவித்துவிட்டால், அங்கே இருப்பவர்களை நினைத்த மாத்திரத்தில் கிளப்பிவிட முடியாது. குடிநீர், கழிப்பறை, தெருவிளக்கு ஆகியவற்றைச் செய்து தரும் பொறுப்பும் வந்து சேரும். அப்போது சென்னையில் 1,202 பகுதிகள் பட்டியலில் ஏறின. 1985இல் மேலும் 17 சேர்ந்தன. அத்தோடு பட்டியல் பல பத்தாண்டுகள் அப்படியே நின்றுவிட்டது. நகரம் மட்டும் நிற்கவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சென்னை மாநகராட்சியில் 13 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், அதாவது நூற்றுக்கு 28 பேருக்கு மேல், குடிசைப் பகுதிகளில் வசித்தார்கள். பட்டியலில் ஏறாத இடங்களில் வசித்தவர்களுக்குச் சட்டத்தின் நிழல்கூட இல்லை.

1977க்குப் பிறகு உலக வங்கிக் கடனில் வேறொரு முறையும் வந்தது. அரசு வீட்டைக் கட்டித் தராது. மனையைப் பிரித்து, சாலை போட்டு, குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் இழுத்து, சின்ன மனைகளில் கழிவறையோடு ஒரு அடித்தளம் மட்டும் அமைத்துத் தவணைக்குக் கொடுக்கும். மிச்சத்தை அவரவர் வசதிக்கேற்ப அவரவரே கட்டிக்கொள்ள வேண்டும். அரும்பாக்கம், வில்லிவாக்கம், முகப்பேர் ஆகிய இடங்களில் இந்த மனைகள் வந்தன. ஏழைகளுக்கான சிறு மனைகளுக்குப் பக்கத்திலேயே நடுத்தர வர்க்கத்துக்கான பெரிய மனைகளையும் விற்றார்கள். பெரிய மனையில் கிடைத்த லாபம் சிறிய மனையின் விலையைத் தாங்கியது.

அன்று இந்தத் திட்டங்களைத் தோல்வி என்று முத்திரை குத்தியவர்கள் பலர். மனைகள் காலியாகக் கிடக்கின்றன, வீடுகள் எழும்பவே வருடக்கணக்காகிறது என்பது குறை. உலக வங்கியும் இந்த முறையைக் கைவிட்டது. இருபது ஆண்டுகள் கழித்து சென்னையிலும் மும்பையிலும் அதே மனைப்பிரிவுகளுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்த ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட கட்டுரை வேறு கதை சொன்னது. ஓரறை வீடாகத் தொடங்கியவை இரண்டு, மூன்று மாடிகளாக உயர்ந்திருந்தன. கீழே கடை, மேலே வாடகைக்கு ஒரு போர்ஷன். பல வருமான நிலையினர் கலந்து வாழும் உயிரோட்டமான பகுதிகளாக அவை மாறியிருந்தன. இன்று முகப்பேரில் மனை விலை கேட்கிறவர்களுக்கு, அதன் ஒரு பகுதி ஏழைகளுக்காகப் போட்ட திட்டம் என்பதே தெரியாது.

ஓரத்துக்குத் தள்ளிய கணக்கு

இரண்டாயிரத்துக்குப் பிறகு காற்று திசை மாறியது. நகருக்குள் நிலத்தின் விலை எகிறியது. மேம்பாலம், பறக்கும் ரயில், ஆறு சீரமைப்பு என்று ஒவ்வொரு திட்டத்துக்கும் இடம் தேவைப்பட்டது. 2005இல் மத்திய அரசு தொடங்கிய நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்டத்தில் வீடு கட்டப் பணம் வந்தது. ஆயிரக்கணக்கில் வீடு கட்ட வேண்டும், நிலத்துக்குச் செலவாகக் கூடாது என்றால் போகக்கூடிய இடம் ஒன்றுதான்: நகருக்கு வெளியே கிடக்கும் அரசு நிலம்.

பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி அடுத்தடுத்து எழுந்தன அந்த ஊர்கள். கண்ணகி நகரில் சுமார் 15,600 வீடுகள். அதையொட்டி எழில் நகரில் 8,000. 2004 சுனாமியை அடுத்துச் செம்மஞ்சேரியில் 6,700க்கு மேல். பெரும்பாக்கத்தில் எட்டு மாடி அடுக்ககங்களாக 20,000க்கு மேல். கூட்டினால் 50,000 வீடுகள். எல்லா வீடும் நிரம்பினால், வீட்டுக்கு நான்கு பேர் என்று வைத்தாலும் இரண்டு லட்சம் பேர். 2011 கணக்கெடுப்பில் திண்டுக்கல் நகரின் மொத்த மக்கள்தொகையே ஏறத்தாழ இவ்வளவுதான். ஒரு மாவட்டத் தலைநகர் அளவுக்கு மக்களை, அதுவும் ஏழைகளை மட்டும், அவர்களிலும் தலித் குடும்பங்களைப் பெருவாரியாக, நகரின் ஒரே திசையில் கொண்டுபோய்க் குவித்திருக்கிறோம்.

கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் மாநகராட்சி எல்லை வந்து சேர்ந்ததே 2011இல்தான். அதுவரை அவ்வளவு பெரிய குடியிருப்பின் குப்பையையும் குடிநீரையும் கவனிக்க வேண்டியவை சின்னஞ்சிறு உள்ளாட்சி அமைப்புகள். பெரும்பாக்கம் அந்த விரிவாக்கத்துக்குப் பிறகும் கிராம ஊராட்சியாகவே நீடித்தது.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு வெளியேற்றம் வேகமெடுத்தது. ஆற்றங்கரையில் இருப்பவர்களை அங்கேயே விடுவது அவர்கள் உயிருக்கே ஆபத்து என்பது அரசு சொன்ன காரணம். அதில் உண்மையும் இருக்கிறது; கூவமும் அடையாறும் பொங்கியபோது முதலில் மூழ்கியவை கரையோரக் குடிசைகள்தான். ஆனால் அவர்களைக் கொண்டுபோய்க் குடிவைத்த பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதிகள். பெருமழை பெய்தால் செம்மஞ்சேரித் தெருக்களில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் படங்கள் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தவறாமல் வருகின்றன. அந்தச் சதுப்பு நிலம் 2022இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது.

நீர்நிலை ஆக்கிரமிப்பு என்ற சொல்லை எல்லோர் மீதும் ஒரே அளவில் யாரும் பிரயோகிப்பதில்லை. ஆற்றோரம், சாலையோரம், கடற்கரையோரம் உள்ள குடிசைகள் 'ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு' என்ற வகையில் வருகின்றன. அவற்றுக்குப் பட்டா கிடையாது. பக்கிங்காம் கால்வாயிலோ பறக்கும் ரயிலின் தூண்களே வரிசையாக நிற்கின்றன. கரையில் இருக்கும் குடிசை தண்ணீரை மறிக்கிறது என்றால், கால்வாய்க்குள் இறங்கிய தூண் எதை மறிக்கிறது என்று குடிசைவாசி கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து பெரும்பாக்கம்வரை

கூவக் கரையில், சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் இருந்த ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவருக்குப் புதுப்பேட்டையில் கூலி வேலை. மனைவி எழும்பூரில் மூன்று வீடுகளில் வேலை பார்க்கிறார். காலை ஆறரைக்குப் போய் வாசல் தெளித்து, பாத்திரம் கழுவி, பெருக்கித் துடைத்துவிட்டுப் பதினோரு மணிக்கு வீடு திரும்பிவிடுவார். பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்ததும் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, மாலையில் ஒரு நடை போய்ப் பாத்திரம் தேய்த்துவிட்டு வருவார். இரண்டு முறை போய்வர முடிவதால்தான் மாதம் மூன்று சம்பளம் சேர்கிறது. வீட்டுக்கும் வேலைக்கும் இடையே பத்து நிமிட நடை.

இந்தக் குடும்பத்துக்குப் பெரும்பாக்கத்தில் ஆறாவது மாடியில் வீடு கிடைக்கிறது. எழும்பூர் இப்போது இருபத்தைந்து கிலோமீட்டருக்கு அப்பால். பஸ் மாறிப் போனால் ஒரு வழிக்கே ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். காலை ஆறரைக்கு அங்கே நிற்க வேண்டுமென்றால் ஐந்து மணிக்கு முன்பே கிளம்ப வேண்டும். மாலை நடைக்கு வாய்ப்பே இல்லை. மாலைக்கு ஆள் வராவிட்டால் வீட்டுக்காரம்மா வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். மூன்று வீடு ஒன்றாகிறது, பிறகு அதுவும் நிற்கிறது. கணவர் வாரத்தில் சில இரவுகள் கடை வாசலிலேயே படுத்துவிடுகிறார். காசில்லாத நாளில் வாங்கிய மளிகைக் கடன், தெருவில் போட்ட சீட்டு, அவசரத்துக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்கா, நடந்தே போய்ச் சேர்ந்த ஜி.எச்., எல்லாம் பழைய முகவரியோடு போய்விட்டன.

இழப்பீடு ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. கூவக் கரையிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குச் சாமான்களை ஏற்றிச் செல்ல 5,000 ரூபாயும், ஓராண்டுக்கு மாதம் 2,500 ரூபாயும் தருவதாக ஏற்பாடு. ஆனால் வேலை போனது ஓராண்டுக்கு மட்டுமல்ல. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானது. அது வீட்டு வசதித் துறையின் திட்டமே அல்ல. ஆனாலும் இந்த ஊர்களின் பெண்களில் பலர் நகரத்து வேலையை விடாமல் பிடித்துக்கொள்ள அது உதவியது. கட்டணம் போனாலும் மூன்று மணி நேரப் பயணம் போகவில்லை.

பிள்ளைகளின் படிப்பில் விழுந்த அடி இன்னும் பெரிது. கூவக் கரையிலிருந்த சத்தியவாணி முத்து நகர்க் குடிசைகளை அகற்றத் தொடங்கியது 2019 டிசம்பர் கடைசியில், கல்வியாண்டின் நட்டநடுவில். பொதுத்தேர்வு எழுத வேண்டிய பிள்ளைகள் பழைய பள்ளிக்கே பஸ் ஏறிப் போய்வர வேண்டும், அல்லது இடையிலேயே மாற்றுச் சான்றிதழ் வாங்க வேண்டும். மூன்றாவதாகப் பலர் செய்தது, பள்ளியை விட்டு நின்றுவிடுவது.

இது சென்னையின் தனிக் கதையும் அல்ல. அகமதாபாத்தில் 1987இல் பீடி சுற்றும் பெண்களுக்கு நகரின் விளிம்பில் மானிய விலை வீடுகளைக் குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள். குலுக்கலில் வென்றவர்களையும் தோற்றவர்களையும் பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வொன்று 2017இல் வெளியானது. வீடு கிடைத்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் அங்கே குடியேறவே இல்லை. இன்னொரு மூன்றில் ஒரு பங்கினர் போய் இருந்து பார்த்துவிட்டு வெளியேறிவிட்டார்கள். வருமானத்திலோ பிள்ளைகளின் எதிர்காலத்திலோ வென்றவர்கள் தோற்றவர்களைவிட முன்னேறியிருக்கவில்லை. கஷ்டகாலத்தில் கைகொடுக்கும் உறவையும் நட்பையும் மட்டும் இழந்திருந்தார்கள். மானிய விலையில் கிடைத்த வீட்டையே மக்கள் விட்டுவிட்டு வருகிறார்கள் என்றால் நகரத்துக்குள் இருப்பதன் மதிப்பு எவ்வளவு என்று யோசித்துப் பார்க்கலாம்.

நீதிமன்றம் இதை நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே புரிந்துகொண்டது. மும்பை நடைபாதைவாசிகளுக்காக ஓல்கா டெல்லிஸ் தொடுத்த வழக்கில், பிழைப்புக்கான உரிமையும் உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று 1985இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மக்கள் நடைபாதையில் படுப்பது வேலை அங்கே பக்கத்தில் இருப்பதால்தான், இடத்தைப் பறித்தால் வேலையும் போகும் என்பது அந்தத் தீர்ப்பின் அடிப்படை. சென்னைக் குடிசைவாசிகளுக்காக வழக்கறிஞர் கே. சந்துரு தொடுத்த வழக்கிலும் அதே காலத்தில் தீர்ப்பு வந்தது. பின்னாளில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர் அவர். உரிய அறிவிப்போடு வெளியேற்றுவதை நீதிமன்றம் தடுக்கவில்லை. அறிவிப்பு என்ற சடங்கு மட்டும் நிலைத்தது. பிழைப்பு பற்றிய பகுதியை நிர்வாகம் மறந்துவிட்டது.

15 அடிக்கு 13 அடி

கண்ணகி நகரின் தொடக்ககால வீடுகள் 195 சதுர அடி. ஏறத்தாழ 15 அடி நீளம், 13 அடி அகலம். அதற்குள் ஒரு அறை, சமையலுக்கு ஒரு மூலை, ஒரு கழிவறை. ஒரு பீரோவும் ஒரு கட்டிலும் போட்டுவிட்டால் தரையில் இரண்டு பாய்க்குத்தான் இடம். வயதுக்கு வந்த மகள், கல்யாணமான மகன், மாமியார் என்று ஐந்தாறு பேர் இருந்தால் ஆண்கள் படுப்பது வெளித் தாழ்வாரத்தில். தண்ணீர்க் குடங்களும் அங்கேதான் வரிசை கட்டி நிற்கும். பெரும்பாக்கத்தில் வீட்டின் அளவு ஏறத்தாழ இரு மடங்காகியது. அங்கே வேறு தொல்லை. எட்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டால் கர்ப்பிணிக்கும் முதியவருக்கும் வீடே சிறை. தள்ளுவண்டியில் இட்லி விற்றவர் வண்டியை எங்கே நிறுத்துவார்? கோழி வளர்த்தவர், மூட்டை மூட்டையாகப் பழைய பேப்பர் சேர்த்து விற்றவர் என்ன செய்வார்? குடிசை பலருக்கு வீடாக மட்டும் இருந்ததில்லை, தொழிற்கூடமாகவும் இருந்தது.

கட்டுமானத் தரம் அடுத்த தலைவலி. 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் சுவரை விரலால் சுரண்டினாலே பூச்சு உதிரும் காட்சிகள் மாநிலமெங்கும் பரவின. குடியேறிச் சில வாரங்களே ஆகியிருந்தன. சென்னை ஐ.ஐ.டி.யை வைத்து அரசு ஆய்வு செய்தது. அதே ஆண்டு டிசம்பர் 27ஆம் தேதி திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் குடிசை மாற்று வாரியத்தின் பழைய கட்டடம் ஒன்று அப்படியே தரைமட்டமானது. விரிசலைப் பார்த்து முன்கூட்டியே எல்லோரையும் வெளியேற்றியிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. கட்டடத்துக்கு வயது ஏறத்தாழ முப்பதுதான்.

பராமரிப்பு யார் பொறுப்பு என்பதில் இன்றும் இழுபறி. 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' என்ற திட்டத்தில் குடியிருப்போர் சங்கம் அமைத்து மாதாமாதம் தொகை வசூலித்தால் அரசும் அதற்கு இணையாகப் பணம் போடுகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் வேலையை இழந்த குடும்பத்தால் மாதத் தொகை கட்ட முடியாது. தவணை கட்டி முடித்தும் விற்பனைப் பத்திரம் கைக்கு வராமல் அலைந்த குடும்பங்கள் பல. தன் பெயரில் இல்லாத சுவருக்குச் சொந்தப் பணத்தில் யாரும் சுண்ணாம்பு அடிக்க மாட்டார்கள். பெரும்பாக்க வீட்டை உள்வாடகைக்கு விட்டுவிட்டு நகரத்துக்குள் ஒரு பத்துக்குப் பத்து அறையில் குடியிருப்பவர்களை அதிகாரிகள் மோசடிக்காரர்கள் என்கிறார்கள். அவர்கள் செய்வது வேறொன்றும் இல்லை, வேலைக்குப் பக்கத்தில் வந்து சேர்வதுதான்.

வீடு இருக்கிறது, ஆளில்லை

2012இல் மத்திய அரசு நியமித்த வல்லுநர் குழு, இந்திய நகரங்களில் 1.88 கோடி வீடுகள் பற்றாக்குறை என்று மதிப்பிட்டது. அதில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் குறைந்த வருமானத்தினருக்கானது. அதற்கு முந்தைய ஆண்டு எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகரங்களில் 1.1 கோடி வீடுகள் பூட்டிக் கிடந்தன. முதலீட்டுக்காக வாங்கிப் பூட்டிப்போட்ட வீடு, குடியிருப்பவர் காலி செய்ய மாட்டாரோ என்ற பயத்தில் வாடகைக்கு விடாத வீடு, தூரம் காரணமாக ஏழைகள் குடியேறாத அரசு வீடு என்று அதில் எல்லா வகையும் உண்டு. வீடு கட்டுவதால் மட்டும் வீட்டுப் பஞ்சம் தீராது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

கட்டுமான நிறுவனங்களுக்கும் ஒரு விதி இருக்கிறது. ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட இடத்தில் குடியிருப்புத் திட்டம் போட்டால் பத்து சதவீத இடத்தைக் குறைந்த வருமானத்தினருக்கான சிறிய வீடுகளுக்கு ஒதுக்க வேண்டும். அந்தச் சிறிய வீடுகளையும் சந்தை விலைக்கே விற்றால் அவற்றை வாங்குகிறவர் சமையல்கார அம்மாவாகவோ செக்யூரிட்டியாகவோ இருக்க முடியாது. வாடகைக்கு விட நினைக்கும் நடுத்தர வர்க்கத்தவராகத்தான் இருப்பார். அளவைக் கட்டுப்படுத்தும் விதி ஆளைப் பற்றிக் கவலைப்படவில்லை.

சொந்த வீட்டையே இலக்காக வைத்த கொள்கையில் வாடகைக்காரர் காணாமல் போனார். ஊருக்குப் புதிதாக வந்த தொழிலாளிக்கு முதலில் வேண்டியது படுக்க ஓரிடம்தான். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகிப் பலர் மருத்துவமனையில் சேர, ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். கைபேசித் தொழிற்சாலைக்கு இடமும் மின்சாரமும் சலுகையும் தேடித் தந்த அரசுகள், அதில் வேலை செய்யும் பெண்கள் எங்கே தூங்குவார்கள் என்று அதுவரை யோசிக்கவில்லை. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் சிப்காட் குடியிருப்பு திறக்கப்பட்டது. வேலை இருக்கும் இடத்துக்கு வீட்டைக் கொண்டுபோனது அங்கே நடந்த மாற்றம். வேலை பார்க்கும் பெண்களுக்கான அரசின் தோழி விடுதிகளும் அதே வழியில் வந்தவை.

சிங்கப்பூரும் பாங்காக்கும்

வீட்டுக் கொள்கை என்றதும் எல்லோரும் சிங்கப்பூரை உதாரணம் காட்டுவார்கள். 1960இல் அமைந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீடுகளில்தான் அந்நாட்டு மக்களில் நூற்றுக்கு எண்பது பேர் வரை வசிக்கிறார்கள். தமிழ்க் குடும்பங்களுக்கு அது 'வீவக வீடு'. 1961இல் புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதியில் தீப்பிடித்து ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தபோது, அந்த இடத்திலும் அக்கம்பக்கத்திலுமே அடுக்குமாடிகளை மளமளவென எழுப்பினார்கள். ஒவ்வொரு புதிய நகரியத்திலும் பள்ளி, சந்தை, உணவங்காடி, பேருந்து நிலையம் ஆகியவற்றை வீட்டோடு சேர்த்தே கட்டினார்கள். ஒரே இனத்தவர் ஓரிடத்தில் குவிந்துவிடக் கூடாது என்று 1989இல் இன ஒதுக்கீட்டையும் கொண்டுவந்தார்கள். பெரும்பகுதி நிலத்தை அரசே கையகப்படுத்தி வைத்திருந்ததால் அங்கே இது முடிந்தது. சென்னை அதை அப்படியே நகலெடுக்க முடியாது. ஆனால் ஏழைகளை ஒரே இடத்தில் குவிக்காதே, பள்ளியும் பஸ்ஸும் வராத இடத்தில் வீடு கட்டாதே என்ற இரண்டையும் செய்ய ஒரு தீவு நாடாக இருக்க வேண்டியதில்லை.

தாய்லாந்து போன பாதை நமக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறது. 2003இல் தொடங்கிய 'பான் மன்கோங்' திட்டத்தில் அரசு வீடு கட்டித் தருவதில்லை. குடிசைவாசிகள் சேமிப்புக் குழு அமைக்கிறார்கள். நில உரிமையாளரோடு பேசி அந்த இடத்தையோ பக்கத்து இடத்தையோ நீண்ட காலக் குத்தகைக்கோ விலைக்கோ எடுக்கிறார்கள். அரசு குறைந்த வட்டிக்குக் கடனும் அடிப்படை வசதிக்கு மானியமும் தருகிறது. அரும்பாக்கத்திலும் வில்லிவாக்கத்திலும் நாம் பாதியில் விட்டதன் தொடர்ச்சி போலத்தான் அது இருக்கிறது.

திரும்பி வரும் பாதை

சென்னையிலும் காற்று கொஞ்சம் திரும்பியிருக்கிறது. 2021இல் குடிசை மாற்று வாரியம், தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. அதே ஆண்டு மறுகுடியமர்வுக் கொள்கையின் வரைவும் வெளியானது. ஆனால் 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடிக்கும்போது ஒரு முதியவர் தீக்குளித்து இறந்தார். அதன் பிறகு, அங்கிருந்து வெளியேறும் குடும்பங்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பகுதிகளிலேயே வீடு தருவதாக முதல்வர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஓர் உயிர் போன பிறகுதான் தூரம் என்பது அரசின் கணக்கில் ஏறியது.

நகருக்குள் சிதிலமடைந்த பழைய அடுக்ககங்களை இடித்து, அங்கேயே 400 சதுர அடி அளவில் புதிய வீடுகள் கட்டும் பணியும் நடக்கிறது. இடைக்காலத்தில் வெளியே வாடகைக்குப் போகும் குடும்பத்துக்கு உதவித்தொகையை 8,000 ரூபாயிலிருந்து 24,000 ரூபாயாக உயர்த்தினார்கள். வேலை ஒன்றரை ஆண்டில் முடிந்தாலும் இது மாதத்துக்கு 1,350 ரூபாய்கூட வராது. சென்னையில் அந்தத் தொகைக்கு ஒரு அறையும் கிடைக்காது. திசை சரி, கணக்கு இன்னும் சரியாகவில்லை.

ஊருக்கு வெளியே கட்டினால் நிலச் செலவு மிச்சம் என்ற வாதம் பாதிக் கணக்குத்தான். அரசின் பேரேட்டில் மிச்சமானது குடும்பங்களின் பேரேட்டில் பஸ் நேரமாக, போன சம்பளமாக, நின்ற படிப்பாகச் செலவு எழுதப்படுகிறது. பிறகு அதே அரசு அந்த ஊருக்குக் கூடுதல் பஸ், புதுப் பள்ளி, காவல் நிலையம், போதை மீட்பு முகாம் என்று செலவழிக்கிறது. இரண்டு பேரேட்டையும் சேர்த்துக் கூட்டினால், நகருக்குள் கட்டும் வீடு விலை அதிகமானது என்று அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

ஏற்கெனவே கட்டிய 50,000 வீடுகளையும் இனி இடம் மாற்ற முடியாது. அங்கே இருப்பவர்களுக்கு விற்பனைப் பத்திரமும், நேரத்துக்கு வரும் பேருந்தும், வீட்டுப் பக்கத்தில் மேல்நிலைப் பள்ளியும், எதிரே இருக்கும் ஐ.டி. சாலையின் வேலைகளில் ஒரு பங்கும் சேர வேண்டும். இனிமேல் கட்டும் வீடு எதுவானாலும், எத்தனை வீடு என்று கேட்பதற்கு முன் எங்கே என்று கேட்க வேண்டும்.

கேட்பதற்கான நேரமும் இதுதான். சென்னைப் பெருநகரின் எல்லை 2022இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 2027 முதல் 2046 வரைக்குமான மூன்றாவது முழுமைத் திட்டம் தயாராகிறது. வரைவை வெளியிட்டு, பொதுமக்களின் ஆட்சேபணைகளையும் கருத்துகளையும் கேட்ட பிறகே இறுதி செய்ய வேண்டும் என்பது சட்டம். அந்த வரைபடம் வெளிவரும்போது மெட்ரோ எங்கே வருகிறது, மனை விலை எங்கே ஏறும் என்று பார்ப்பதோடு நிறுத்திவிடாமல், உங்கள் வீட்டில் வேலை செய்பவரும், உங்கள் அடுக்ககத்தின் காவலரும், உங்கள் தெருவைப் பெருக்குபவரும் குடியிருக்க அதில் நகருக்குள் எவ்வளவு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒதுக்கவில்லையென்றால் ஆட்சேபணையை எழுதிக் கொடுங்கள்.